காற்றிலுள்ள கரியை மண்ணில் பூட்டலாமா? – பாறைத்தூளும் உயிர்க்கரியும்

பயிர் வளர்வதற்குக் கரியமிலவாயு இன்றியமையாதது. இலைகள் காற்றிலிருந்து இவ்வாயுவை எடுத்து, வேர் வழியே வரும் நீருடன் சேர்த்து, வெய்யிலின் உதவியால் மாவுப்பொருளாக மாற்றுகின்றன. நாம் அறுவடை செய்யும் நெல்லிலும், மாடு தின்னும் வைக்கோலிலும், அடுப்பில் எரியும் விறகிலும் உள்ள கரிமம் முழுவதும் இவ்வாறு காற்றிலிருந்து வந்ததே. இலை மட்கும்போதும், விறகு எரியும்போதும், கால்நடைகள் மூச்சு விடும்போதும் அதே வாயு மீண்டும் காற்றில் கலக்கிறது. நெடுங்காலமாக இந்த வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகவே நடந்து வந்தன.

நிலத்தடியிலிருந்து நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எடுத்து எரிக்கத் தொடங்கியபின் இக்கணக்கு மாறியது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் பத்து இலட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த கரியமிலவாயு, ஹவாய்த் தீவின் மௌனாலோவா மலையில் 1958ஆம் ஆண்டு அளவெடுப்புத் தொடங்கியபோது சுமார் 315 பங்காக இருந்தது. 2024ஆம் ஆண்டின் சராசரி சுமார் 424 பங்கு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்டு ஆகியவற்றிலிருந்து மட்டும் ஆண்டொன்றுக்கு 3,700 கோடி டன்னுக்கு மேல் கரியமிலவாயு வெளியாகிறது. இவ்வாயு பூமியின் வெப்பம் வெளியேறாமல் தடுப்பதால் வெப்பநிலை உயர்கிறது. அதன் விளைவாகக் கடும் மழையும் கடும் வறட்சியும் மிகுகின்றன.

இந்நிலையைச் சரிசெய்ய உலகில் இருவகையான முயற்சிகள் நடைபெறுகின்றன. ஒன்று, காற்றில் ஏற்கனவே சேர்ந்துவிட்ட கரியமிலவாயுவைத் திரும்ப எடுத்துப் பூட்டி வைப்பது. மற்றொன்று, வாயுவை அப்படியே விட்டுவிட்டு, பூமிக்கு வரும் வெய்யிலில் ஒரு பகுதியைத் தடுத்துத் திருப்பி அனுப்புவது. முதல் முயற்சி உழவர்களின் நிலத்தைத் தேடி வருகிறது. இரண்டாவது முயற்சி உழவர்களின் மழையைத் தொடக்கூடியது. ஆகவே இவ்விரண்டையும் பற்றி உழவர் பெருமக்கள் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

வெய்யிலை மறைக்கும் முயற்சி

1991ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பினடூபோ எரிமலை வெடித்தது. சுமார் ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு வானத்தின் உயரமான அடுக்கிற்குச் சென்று, நுண்ணிய துளிகளாகப் பூமியைச் சுற்றிப் பரவியது. அத்துளிகள் வெய்யிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியதால் அடுத்த ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி சென்டிகிரேடு குறைந்தது. எரிமலை செய்ததை விமானங்களைக் கொண்டு நாமே செய்தால் என்ன என்பதே இம்முயற்சியின் அடிப்படை.

ஆனால் அதே எரிமலை மற்றொரு பாடத்தையும் தந்தது. வெடிப்பை அடுத்த ஓராண்டில் உலகின் நிலப்பரப்பில் பெய்த மழையும் ஆறுகளில் ஓடிய நீரும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. பருவமழைக்கு மூலகாரணம் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவது. வெய்யிலைக் குறைத்தால் அந்த வேறுபாடும் குறையும். இம்முறையால் ஆசியாவின் பருவமழை பலவீனமடையலாம் என்று கணிப்பொறி ஆய்வுகள் சில காட்டியுள்ளன. மேலும், பல ஆண்டுகள் இவ்வாறு நிழல் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால், அதுவரை தடுக்கப்பட்டிருந்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே உயர்ந்துவிடும்.

இதனால் இம்முறைக்கு எதிர்ப்பும் வலுவாக உள்ளது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஸ்வீடன் நாட்டில் 2021ல் நடத்தவிருந்த பலூன் சோதனை, அங்குள்ள சாமி பழங்குடி மக்களின் எதிர்ப்பினால் நிறுத்தப்பட்டது. 2024ல் அத்திட்டமே கைவிடப்பட்டது. தனியார் நிறுவனம் ஒன்று மெக்சிகோவில் பலூன் பறக்கவிட்டதை அடுத்து அந்நாட்டு அரசு 2023 ஜனவரியில் இத்தகைய சோதனைகளுக்குத் தடை அறிவித்தது. மறுபுறம், 2025 மே மாதம் பிரிட்டனின் அரசு ஆராய்ச்சி அமைப்பு ஒன்று, சிறிய திறந்தவெளிச் சோதனைகளும் அடங்கிய ஆராய்ச்சிக்குச் சுமார் 5.7 கோடி பவுன் ஒதுக்கியது. 2024ல் நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மன்றத்தில் இதுபற்றிக் கொண்டுவரப்பட்ட தீர்மானம், நாடுகளிடையே உடன்பாடு ஏற்படாததால் திரும்பப் பெறப்பட்டது.

இதனைச் செயற்கை மழையுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1983ஆம் ஆண்டிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் வறட்சியின்போது தமிழகத்தில் மேகங்களின்மீது இரசாயனம் தூவி மழை பெறும் முயற்சிகள் நடந்தன. அது ஒரு வட்டாரத்தில் ஏற்கனவே உள்ள மேகத்தைப் பற்றியது. வெய்யிலை மறைப்பதோ உலகம் முழுவதையும் பற்றியது. ஒரு நாடு செய்தால் மற்ற நாட்டின் பருவமும் மாறக்கூடும். மேலும் இம்முறையால் காற்றிலுள்ள கரியமிலவாயு சிறிதும் குறைவதில்லை. காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது போன்றதே இது. நோயின் காரணம் அப்படியே இருக்கும்.

சுண்ணாம்புக் காளவாய் சொல்லும் கணக்கு

இனி, வாயுவைத் திரும்ப எடுக்கும் முறைகளைப் பார்ப்போம். இதற்குச் சுண்ணாம்புக் காளவாயே நல்ல எடுத்துக்காட்டு. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லை முழுமையாகச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. மீதி 44 கிலோ கரியமிலவாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. அச்சுண்ணாம்பை நீரில் நீற்றிச் சுவரில் அடித்தால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாக உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகுகிறது. வெள்ளையடித்த சுவர் நாளாக ஆகக் கெட்டிப்படுவது இதனால்தான்.

ஆகவே காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுப்பது புதிய வித்தை அன்று. நம் வீட்டுச் சுவரே அதைச் செய்கிறது. ஆனால் சுவர் எடுத்த வாயு, காளவாயில் வெளியேறிய அதே வாயுவே. சுடுவதற்கு எரித்த விறகையும் நிலக்கரியையும் சேர்த்தால் கணக்கில் நட்டமே மிஞ்சும். காற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லப்படும் எந்த முறையானாலும் எடுத்தது எவ்வளவு, எடுப்பதற்காகச் செலவழித்தது எவ்வளவு, எடுத்தது எத்தனை காலம் பூட்டிக் கிடக்கும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும்.

இயந்திரம் கொண்டு எடுத்தல்

ஐஸ்லாந்து நாட்டில் கிளைம்வொர்க்ஸ் என்ற நிறுவனம் பெரிய விசிறிகளால் காற்றை இழுத்து, கரியமிலவாயுவை மட்டும் பிரித்தெடுக்கும் நிலையங்களை அமைத்துள்ளது. 2021ல் தொடங்கிய 'ஓர்க்கா' நிலையம் ஆண்டுக்கு 4,000 டன்னும், 2024ல் தொடங்கிய 'மாமத்' நிலையம் ஆண்டுக்கு 36,000 டன்னும் எடுக்கும் அளவில் கட்டப்பட்டவை. பிரித்த வாயுவை நீரில் கரைத்து, நிலத்தடியிலுள்ள எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அங்கு அது கல்லாக மாறிவிடுகிறது. அந்நாட்டில் நடந்த சோதனையொன்றில், செலுத்திய வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது 2016ல் தெரியவந்தது.

பூட்டு உறுதியானதே. ஆனால் அளவு மிகச் சிறிது. 'மாமத்' நிலையம் முழுத்திறனுடன் ஓராண்டு ஓடினால் எடுக்கக்கூடிய 36,000 டன், இன்று உலகம் அரை நிமிடத்தில் வெளியிடும் அளவே ஆகும். மின்சாரமும் வெப்பமும் ஏராளமாக வேண்டும். ஆகவே, குறைந்த செலவில் பரந்த பரப்பில் செய்யக்கூடிய வழிகளைத் தேடியபோது விஞ்ஞானிகளின் பார்வை விளைநிலங்களின்மீது விழுந்தது.

பாறைத்தூள் இடும் முறை

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறைகளைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அப்போது பாறையிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் வெளிப்படுகின்றன. கரியமிலவாயு பைகார்பனேட்டாக மாறி, வடிநீருடன் ஆற்றை அடைந்து கடலில் சேர்ந்து, பல்லாயிரம் ஆண்டுகள் அங்கேயே தங்குகிறது. இயற்கையில் மிக மெதுவாக நடக்கும் இச்செயலை விரைவுபடுத்த, பாறையை மாவுபோல அரைத்து வயலில் தூவுகிறார்கள். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான 'பசால்ட்' என்னும் கரும்பாறை இதற்கு ஏற்றது. மராட்டியம், மத்தியப் பிரதேசம், குஜராத் மாநிலங்களில் பரவியுள்ள தக்காணப் பாறை இவ்வகையைச் சேர்ந்தது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்காச்சோளமும் சோயாமொச்சையும் பயிராகும் நிலத்தில் நான்கு ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2024ல் வெளியாயிற்று. அங்கு ஆண்டுதோறும் எக்டருக்கு 50 டன், அதாவது ஏக்கருக்கு 20 டன் பசால்ட் தூள் இடப்பட்டது. நான்கு ஆண்டுகளில் எக்டருக்குச் சுமார் 10½ டன் கரியமிலவாயு எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. மகசூல் 12 முதல் 16 விழுக்காடு கூடியது. ஏக்கருக்கு மொத்தம் 80 டன் தூளைக் கொட்டி, சுமார் 4 டன் வாயு எடுக்கப்பட்டது என்பதையும் உழவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். தூள் கரையப் பல ஆண்டுகள் ஆகும்.

நம் நாட்டிலும் இம்முறை கையாளப்படுகிறது. 'மாட்டி கார்பன்' என்ற நிறுவனம் (இந்தியில் 'மாட்டி' என்றால் மண்) சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் சிறு உழவர்களின் நெல் வயல்களில் பசால்ட் தூளை விலையின்றி இட்டு வருகிறது. எடுக்கப்படும் வாயுவை டன் கணக்கில் அளந்து, 'கார்பன் கிரெடிட்' என்ற பெயரில் பெரிய நிறுவனங்களுக்கு விற்பதே அதன் வருவாய். 2025 ஏப்ரலில் எக்ஸ்பிரைஸ் அறக்கட்டளை நடத்திய உலகப் போட்டியில் இந்நிறுவனம் 5 கோடி டாலர் முதற்பரிசைப் பெற்றது. சிறு உழவர்களின் வயலில் நடக்கும் வேலை, பெரிய இயந்திரங்களை முந்திப் பரிசு பெற்றது கவனிக்கத்தக்கது. இதுபோன்ற நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் உழவர்களை அணுகும் நாள் தொலைவில் இல்லை.

நம் நிலத்திற்கு ஏற்றதா?

பாறைத்தூள் சுண்ணாம்பு இடுவதைப் போலவே மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கும். எனவே அது எல்லா நிலத்திற்கும் பொருந்தும் என்று எண்ணக் கூடாது. மண் பரிசோதனை அட்டையில் கார அமில நிலையைப் பார்த்துக் கீழ்க்கண்டவாறு முடிவு செய்யலாம்.

1. கார அமில நிலை 6.5க்குக் குறைவான அமில நிலங்கள்: நல்ல மழையும் வடிகாலும் இருந்தால் இம்முறை பயன் தரக்கூடும். ஆனால் தேயிலை அமில மண்ணையே விரும்பும் பயிர். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அமிலத்தன்மையை அதிகம் குறைத்தால் பயிர் பாதிக்கப்படும். மேலும் உர உபயோகத்தால் உண்டான கடுமையான அமிலம் மிகுந்த மண்ணில், அந்த அமிலமே பாறையைக் கரைத்துவிடும். அப்போது மண் சீர்படலாம். ஆனால் காற்றிலுள்ள வாயு அந்த அளவுக்கு எடுக்கப்படுவதில்லை.

2. 6.5 முதல் 7.5 வரையுள்ள நிலங்கள்: சிறு பரப்பில் சோதித்துப் பார்த்த பிறகே முடிவு செய்தல் வேண்டும்.

3. சுண்ணாம்பு மிகுந்த கரிசல் நிலங்களும் களர் நிலங்களும்: இம்முறை வேண்டாம். இந்நிலங்களில் பாறை மிக மெதுவாகவே கரையும். மேலும் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கு பைகார்பனேட் சுண்ணாம்பாகப் படியும்போது அதிலிருந்த கரியமிலவாயுவில் பாதி மீண்டும் காற்றுக்குப் போய்விடுகிறது. வறண்ட, சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும் இதுவே நடக்கும்.

தூளின் தன்மையையும் கவனித்தல் வேண்டும். நம் பகுதி கல்லுடைக்கும் ஆலைகளில் கிடைக்கும் கருங்கல் தூள் பெரும்பாலும் பசால்ட் அன்று. அதிலுள்ள குவார்ட்ஸ் துகள் மண்ணில் கரையாது. "பாறைத்தூள்" என்ற பெயரில் அதை இடுவதால் கரியமிலவாயு குறையாது. பயிருக்கும் குறிப்பிடத்தக்க பயன் இராது. சேலம் மாக்னசைட் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் டூனைட்டு போன்ற பாறைகள் பசால்ட்டைவிட விரைவில் கரையக்கூடியவை. ஆயினும் அவ்வகைப் பாறைகளில் நிக்கல், குரோமியம் ஆகிய உலோகங்கள் மிகுதி. இவை மண்ணில் சேர்ந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஒரு முறை தூவிய தூளைப் பொறுக்கியெடுக்க வழியில்லை என்பதை மறவாதீர்கள். ஆய்வுக்கூடச் சான்று இல்லாத எந்தப் பாறைத்தூளையும் விளைநிலத்தில் அனுமதிக்கக் கூடாது.

உயிர்க்கரி

உழவர் தம் கையாலேயே செய்யக்கூடியது உயிர்க்கரி. 'பயோசார்' என்றும் இதனைச் சொல்வர். செடியின் தண்டு மண்ணில் மட்கினால் அதிலுள்ள கரிமத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளில் காற்றுக்குத் திரும்பிவிடும். அதையே காற்று குறைவான நிலையில் சுட்டுக் கரியாக்கி மண்ணில் கலந்தால், நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியாத வடிவம் பெற்று மிக நீண்ட காலம் தங்கும். தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியில் முன்னோர் விட்டுச்சென்ற கரி கலந்த கருப்பு மண், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் வளம் குன்றாமல் இருப்பது இதற்குச் சான்று. மேலே சொன்ன போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற 'நெட்ஜீரோ' என்ற நிறுவனம், பிரேசில் நாட்டுக் காப்பித் தோட்டங்களின் காப்பித்தோலைக் கரியாக்கி அவ்வுழவர்களுக்கே கொடுக்கிறது.

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்ட உழவர்களுக்குச் சீமைக் கருவேல மரத்தைக் கொண்டு கரிமூட்டம் போடுவது நன்கு தெரிந்த தொழில். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விறகுக்கரியாக விற்று அடுப்பில் எரித்தால் கரிமம் மீண்டும் காற்றுக்கே போகும். மண்ணில் சேர்த்தால்தான் அது பூட்டப்பட்டதாகும். மேலும் மூட்டத்திலிருந்து பல நாள் வெளியேறும் புகையில் மீத்தேன் போன்ற தீய வாயுக்கள் உள்ளன. கீழ்க்கண்ட குழி முறையில் புகை குறைவு; சில மணி நேரத்தில் வேலையும் முடியும்.

செய்முறை

• வீடு, வைக்கோற்போர், மரங்கள் ஆகியவற்றிலிருந்து தள்ளி, காற்று அடங்கிய நேரத்தில் செய்ய வேண்டும்.

• மேல்வாய் ஐந்தடி அகலமும் இரண்டரை அடி ஆழமும் உள்ளதாக, அடி குறுகிச் சரிவான பக்கங்களுடன் குழி வெட்டவும்.

• பருத்தி மார், துவரை மார், கருவேலஞ்சுள்ளி, தென்னை மட்டை போன்றவற்றை நன்கு உலர்த்தி, மணிக்கட்டுக்கு மேல் பருமனில்லாத துண்டுகளாக வைத்துக்கொள்ளவும். ஈரமான பொருள் புகையை மிகுவிக்கும்.

• அடியில் சிறிது சுள்ளி போட்டு மேற்புறம் தீ மூட்டவும். மேல் அடுக்கில் வெண்சாம்பல் படரத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் பரப்பவும். மேலே எரியும் சுடர் புகையை எரித்துவிடும். கீழுள்ள கரிக்குக் காற்றுப் போகாமலும் காக்கும்.

• குழி நிறைந்தவுடன் தண்ணீரை ஊற்றி முழுவதும் அணைக்கவும். 200 லிட்டர் பீப்பாய் இரண்டு நிறையத் தண்ணீரை முன்கூட்டியே வைத்திருத்தல் வேண்டும். தண்ணீர் அரிதான இடத்தில் ஈரமண்ணால் கனமாக மூடி, மறுநாள் முற்றிலும் குளிர்ந்தபின் எடுக்கலாம்.

• அணைந்த கரியை ஈரமாக இருக்கும்போதே தட்டிப் பொடியாக்கவும். உலர்ந்த தூள் மூச்சுக்குக் கெடுதி. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளவும்.

நன்கு உலர்ந்த ஒரு டன் மாரிலிருந்து ஏறத்தாழ 250 கிலோ கரி கிடைப்பதாகக் கொள்வோம். அதில் 70 விழுக்காடு கரிமம் என்றால் 175 கிலோ. ஒரு கிலோ கரிமம் 3.67 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமம். ஆக, ஒரு டன் மாரிலிருந்து சுமார் 640 கிலோ வாயு பூட்டப்படுகிறது. புகையால் ஏற்படும் கேட்டை இதிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

இடும் முறை

கரியைத் தனியாக வயலில் இடக்கூடாது. புதிய கரி மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்வதால் முதற்பயிர் மஞ்சளாக வாய்ப்புண்டு. ஒரு கூடை கரிக்கு இரண்டு கூடை தொழு உரம் அல்லது மட்கு கலந்து, சாணக் கரைசலையோ மாட்டுச் சிறுநீரையோ தெளித்து, நிழலில் மூன்று வாரம் குவித்து வைத்தபின் இட வேண்டும்.

வெப்பமண்டல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியான அறிக்கையில், உயிர்க்கரியால் மகசூல் சராசரியாக 25 விழுக்காடு கூடியதாகத் தெரிகிறது. குளிர் நாடுகளில் சராசரியாகப் பயன் இல்லை. வெப்பமண்டல நிலங்களில் பல அமிலத்தன்மையும் வளக்குறைவும் உள்ளவை என்பதே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே அமிலச் செம்மண், மணற்சாரி நிலம் ஆகியவற்றில் பலனை எதிர்பார்க்கலாம். மணற்சாரி நிலத்தில் ஈரம் தங்குவதும் கூடும். கரி காரத்தன்மை உடையதாதலால் களர் நிலத்திற்கும் சுண்ணாம்பு மிகுந்த கரிசலுக்கும் பெரும் அளவில் இடுதல் கூடாது.

முதலில் ஐந்து சென்ட் நிலத்தில் மட்டும் 100 கிலோ கரியைத் தொழு உரத்துடன் இட்டுப் பாருங்கள். இது ஏக்கருக்கு 2 டன் என்ற அளவாகும். அருகிலேயே மற்றொரு ஐந்து சென்டில் அதே அளவு தொழு உரத்தை மட்டும் இட்டு, அதே விதை, அதே உரம், அதே நீர் கொடுத்து, இரண்டின் விளைச்சலையும் தனித்தனியே எடைபோடுங்கள். மூன்று பருவங்கள் இவ்வாறு பார்த்தபின் பரப்பைக் கூட்டலாம். களைக்கொல்லி தெளிக்கும் உழவர்கள், கரி அம்மருந்தை உறிஞ்சி அதன் வேகத்தைக் குறைக்கும் என்பதையும் கவனத்தில் கொள்க.

வைக்கோலையும் கடலைக்கொடியையும் கரியாக்க வேண்டாம். அவை மாட்டுக்குத் தீனி. மாட்டின் சாணம் மண்ணுக்கு உணவு. வீணாக எரித்துத் தள்ளும் மாரும் முள்ளும் மட்டுமே கரிக்கு உரியவை.

ஒப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

காற்றிலிருந்து எடுக்கும் வாயுவுக்கு இன்று சந்தை உண்டு. மத்திய அரசு 2023ல் கார்பன் கிரெடிட் வாணிபத் திட்டத்தை அறிவித்தது. 2024 ஜனவரியில் மத்திய வேளாண் அமைச்சகம் வேளாண்மைத் துறையில் தன்னார்வக் கார்பன் சந்தைக்கான வழிமுறையை வெளியிட்டது. உங்கள் நிலத்தில் பாறைத்தூளோ கரியோ இட யாரேனும் முன்வந்தால் பின்வருவனவற்றைக் கேட்டு, விடைகளைத் தமிழில் எழுத்து மூலம் பெறுங்கள்.

1. தூளில் நிக்கல், குரோமியம், ஈயம், கேட்மியம் எவ்வளவு உள்ளன? ஆய்வுக்கூடச் சான்று எங்கே?

2. தூள் இடுவதற்கு முன் என் மண்ணைப் பரிசோதித்தீர்களா? அதன் முடிவின் நகல் எனக்குத் தரப்படுமா?

3. கிரெடிட் விற்ற பணத்தில் எனக்கு என்ன பங்கு? எப்போது, எந்தக் கணக்கில் வரும்? தூளை விலையின்றித் தருவது மட்டுமே என் பங்கா?

4. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? இடையில் நிலத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, பயிரை மாற்றவோ தடை உண்டா?

5. பயிர் கெட்டாலோ மண் கெட்டாலோ இழப்பீடு யார் கொடுப்பார்?

6. இதே நிலத்தின் பேரில் வேறொருவரும் கிரெடிட் விற்கிறாரா? ஒரே நிலத்தின் வாயுவை இருவர் விற்பது மோசடி.

மூலப்பத்திரத்தையோ பட்டாவையோ யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம், நகல் போதும். குத்தகை நிலமாயின் நில உரிமையாளர், குத்தகைதாரர் இருவரின் சம்மதமும் வேண்டும். கூட்டுப் பட்டாவாயின் பங்காளிகள் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். மண்ணுக்குள் எவ்வளவு வாயு பூட்டப்பட்டது என்பதை அளப்பது கடினமான வேலை. எனவே வரப்போகும் பணத்தை நம்பிக் கடன் வாங்குதல் கூடாது.

முதலில் செய்ய வேண்டியது

பன்னாட்டு அரசுகளின் பருவநிலை விஞ்ஞானிகள் குழு 2022ல் வெளியிட்ட அறிக்கை, முற்றிலும் நிறுத்த முடியாத வாயு வெளியீட்டை ஈடுகட்டக் காற்றிலிருந்து வாயுவை எடுப்பது தவிர்க்க முடியாதது என்று கூறுகிறது. ஆனால் எரிபொருள் உபயோகத்தைக் குறைப்பதற்கு இது மாற்றாகாது. இப்போது உலகில் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டன் வாயு மனித முயற்சியால் எடுக்கப்படுகிறது. அதில் ஏறக்குறைய முழுவதும் மரம் வளர்ப்பினாலும் காடு வளர்ப்பினாலும் கிடைப்பதே. இயந்திரம், பாறைத்தூள், உயிர்க்கரி முதலிய புதிய முறைகள் யாவும் சேர்ந்து சுமார் 13 இலட்சம் டன்னே எடுக்கின்றன என 2024ஆம் ஆண்டு அறிக்கை காட்டுகிறது.

காற்றில் சேர்ந்ததை எடுப்பதைவிடச் சேராமல் தடுப்பது எளிது, செலவும் குறைவு. நெல் வயலில் எப்போதும் நீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் வெளியேறுவது குறையும்; தண்ணீரும் மிச்சமாகும். கரும்புத் தோகையை எரிக்காமல் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். வரப்போரமும் தரிசிலும் வைக்கும் வேம்பும் புங்கமும் கரிமத்தைத் தாங்கி நிற்கும். இவற்றுக்கு யாருடைய ஒப்பந்தமும் தேவையில்லை.

ஆகவே உழவர் பெருமக்கள், உலகின் வாயுக் கணக்கைப் பார்க்குமுன் தம் நிலத்தின் மண் பரிசோதனை அட்டையைப் பார்க்க வேண்டும். மண்ணுக்கு நன்மை தருவதாக இருந்தால் அதனால் காற்றுக்கு விளையும் நன்மையும் நமக்கு உபரி வரவே. மண்ணுக்குக் கேடு என்றால், எத்தனை ரூபாய் தருவதாகச் சொன்னாலும் அது நமக்கு வேண்டாம். ஐயமிருப்பின் அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி, தெளிவு பெற்றபின் செயல்படுவீர்களாக.